இரவல் குரலில் பேசும் புகை

புகைபிடித்தலுக்குக் கட்டுப்பாடு என்ற பேச்சு எழுந்தவுடன், இலக்கிய நண்பர்கள் கூடும் இடங்களில் ஒரு சொல் தவறாமல் வந்து அமர்ந்துகொள்கிறது: சுதந்திரம். என் நுரையீரல் மீது அரசுக்கு என்ன அதிகாரம் என்பார் ஒருவர். ஒழுக்கக் காவலர்களின் அடுத்த கைவரிசை இது என்பார் இன்னொருவர். சிகரெட் இல்லாமல் நவீன இலக்கியமே இல்லை என்று மூன்றாமவர் சிரித்துக்கொண்டே முடித்து வைப்பார். இவர்கள் யாவரும் நேர்மையானவர்கள். யாரிடமும் கைநீட்டிக் காசு வாங்கியவர்கள் அல்லர். அதனால்தான் இக்கட்டுரையை எழுத வேண்டியிருக்கிறது. காசு வாங்காத ஒருவர் பேசும் வாக்கியம், வேறெங்கோ காசு கொடுத்துச் செய்விக்கப்பட்டதாக இருக்கக்கூடும்.

ஒரு சொல்லின் வேரைத் தேடிப் போவது நமக்குப் பழக்கமான காரியம். ஒரு பாடலில் மூலபாடம் எது, இடைச்செருகல் எது என்று நாட்கணக்கில் வாதிடுகிறோம். ஏட்டுச் சுவடியில் ஓரெழுத்து மாறினாலும் பொறுக்கமாட்டாத நாம், பொதுவாழ்வில் புழங்கும் ஒரு வாதத்தின் மூலபாடத்தைப் பற்றி மட்டும் ஏன் கேட்பதில்லை? புகையிலை விஷயத்தில் அந்த மூலபாடம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. 1994இல் அமெரிக்கப் பேராசிரியர் ஸ்டான்டன் கிளான்ட்ஸுக்கு ஒரு சிகரெட் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் அனுப்பியவர் பெயரின்றி வந்து சேர்ந்தன. 1998இல் வழக்குகள் முடிவுக்கு வந்தபோது, நிறுவனங்கள் தம் கோப்புகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டியதாயிற்று. இன்று கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இணையக் காப்பகத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்கள் உள்ளன. எவரும் படிக்கலாம்.

அவற்றிலிருந்து தெரியவருவது ஒன்றே. புகைக்கட்டுப்பாட்டை எதிர்த்த நெடிய வரலாற்றில் புகையிலை நிறுவனங்கள் தம் சொந்தக் குரலில் பேசிய தருணங்கள் மிகக் குறைவு. சொந்தக் குரலில் பேசினால் சொல்வதற்கு ஒரே வாக்கியம்தான் உண்டு: “எங்கள் விற்பனை குறைந்துவிடும்.” இந்த வாக்கியத்துக்காக எவரும் வீதிக்கு வரமாட்டார்கள். ஆகவே விஞ்ஞானியின் குரலையும், ஹோட்டல்காரரின் குரலையும், சிறுவியாபாரியின் குரலையும், கடைசியில் தத்துவவாதியின் குரலையும் அவை இரவல் வாங்கின. சுதந்திரம் என்ற சொல்லும் அவ்வாறு இரவலாகப் போன சொற்களில் ஒன்று.

சந்தேகம் என்னும் சரக்கு

1950இல் பிரிட்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் ஆகியோரும், அமெரிக்காவில் விண்டர், கிரஹாம் ஆகியோரும் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் புள்ளிவிவரங்களுடன் வெளியிட்டனர். 1953 டிசம்பரில் அமெரிக்க சிகரெட் நிறுவனங்களின் தலைவர்கள் நியூயார்க்கின் பிளாஸா ஹோட்டலில் கூடினர். ஹில் அண்டு நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்தின் ஆலோசனையோடு, 1954 ஜனவரி 4 அன்று நானூறுக்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் முழுப்பக்க அறிவிப்பொன்று வெளியாயிற்று. மக்களின் உடல்நலமே தமக்கு முதன்மையானது என்றும், ஆராய்ச்சிக்கு உதவப்போவதாகவும் நிறுவனங்கள் அதில் வாக்களித்தன. அதற்கென ஓர் ஆராய்ச்சிக் குழுவும் அமைக்கப்பட்டது.

அந்த அறிவிப்பின் நடையைக் கவனிக்க வேண்டும். அது ஆய்வுகளை முற்றாக மறுத்துவிடவில்லை. கேள்வி இன்னும் தீரவில்லை என்றது. இரு தரப்பும் உண்டு என்றது. பணிவான நடை, நிதானமான நடை, அறிஞன் பேசுவது போன்ற நடை. மறுப்புக்கு ஆதாரம் வேண்டும். சந்தேகத்துக்கு ஆதாரம் வேண்டியதில்லை. இந்த உத்தியின் சாரத்தை 1969ஆம் ஆண்டின் ஓர் உள் ஆவணம் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டது: சந்தேகமே நாம் விற்கும் சரக்கு. சிகரெட் செய்கிற நிறுவனம், தான் விற்பது சந்தேகம் என்று தன் கோப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. இதற்கு உரையாசிரியர் தேவையில்லை.

அடுத்தவர் புகை

சுதந்திரவாதிகள் பெரிதும் மதிக்கும் ஜான் ஸ்டூவர்ட் மில், 1859இல் வகுத்த நெறி எளிமையானது. ஒருவன் தனக்குத்தானே தீங்கு செய்துகொண்டால் சமூகம் அறிவுரை கூறலாம், தடுக்கலாகாது. அவன் செயல் பிறருக்குத் தீங்கானால் தடுக்கலாம். புகைப்பவன் தன்னை மட்டுமே கெடுத்துக்கொள்கிறான் என்று கருதப்பட்ட வரையில், இந்நெறி சிகரெட்டுக்குக் குடைபிடித்தது. அவன் விடும் புகை அருகிலிருப்பவரையும் கொல்கிறது என்று நிறுவப்பட்ட கணத்திலேயே குடை கைமாறிவிடும். புகைக்காதவரின் பக்கம் நிற்பதுதான் மில்லின் நெறிப்படி சுதந்திரத்தின் பக்கம் நிற்பதாக ஆகும்.

இதை நம் நண்பர்களைவிட நிறுவனங்கள் முன்னதாகவே புரிந்துகொண்டன. 1978இல் அமெரிக்கப் புகையிலைத் தொழிலின் சங்கத்துக்காக ரோப்பர் நிறுவனம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. புகைப்பவர் தமக்குச் செய்துகொள்ளும் தீங்கு அவர் பாடு. பக்கத்தில் இருப்பவருக்குத் தீங்கு என்று மக்கள் நம்பத் தொடங்கியிருப்பதுதான் இத்தொழிலின் இருப்புக்கே இதுவரை வந்தவற்றுள் மிக அபாயமான வளர்ச்சி என்று அந்த அறிக்கை எச்சரித்தது.

மூன்றாண்டுகளில் எச்சரிக்கை பலித்தது. ஜப்பானியத் தொற்றுநோயியலாளர் தகேஷி ஹிராயாமா 1981இல் தம் ஆய்வை வெளியிட்டார். தாம் புகைக்காத 91,540 மனைவியரை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. கணவன் எவ்வளவு அதிகமாகப் புகைத்தானோ, அவ்வளவுக்கு மனைவிக்கு நுரையீரல் புற்றுநோயின் ஆபத்து கூடியிருந்தது. தொழிற்சங்கத்தின் மறுமொழி, ஹிராயாமாவின் கணக்கு தவறு என்று பத்திரிகைகளில் விளம்பரம் செய்வதாக இருந்தது. ஆனால் நிறுவனங்களின் ஆலோசகர்கள் ஹிராயாமா சொன்னது சரியே என்று தனிமையில் தெரிவித்ததும், சரி என்று அறிந்தே அவர் தாக்கப்பட்டதும் உள் குறிப்புகளில் பதிவாகியுள்ளன.

இத்தனை ஆவேசத்துக்குக் காரணம் தத்துவமன்று. 1992ஆம் ஆண்டின் ஒரு ஃபிலிப் மோரிஸ் குறிப்பு கணக்கைத் தெளிவாகத் தருகிறது. பணியிடத்தில் முழுத்தடையை எதிர்கொள்ளும் புகைப்பவர்கள் சராசரியைவிட 11 முதல் 15 சதவீதம் குறைவாகப் புகைக்கிறார்கள். புகையை விட்டொழிப்பவர்களின் விகிதமோ சராசரியைவிட 84 சதவீதம் அதிகம். தடை பலனளிக்கிறது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டுமா? தடை வேண்டுமென்று கேட்டவர்களுக்கு முன்பாகவே தடையை எதிர்த்தவர்கள் அதன் பலனை அளந்து வைத்திருந்தார்கள்.

இல்லாத ஊருக்கு வழி சொன்ன சங்கங்கள்

1987இல் கலிஃபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸ் நகரம் உணவகங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்தது. உடனே பெவர்லி ஹில்ஸ் உணவகச் சங்கம் என்ற ஒன்று எழுந்து, வியாபாரம் 30 சதவீதம் விழுந்துவிட்டது என்று அலறியது. சில மாதங்களிலேயே நகரம் பின்வாங்கியது. பின்னர் விற்பனை வரிக் கணக்குகளைப் பார்த்தபோது, அந்த மாதங்களில் வியாபாரம் சிறிது ஏறியே இருந்தது. தடைக்கு முன்னர் அப்படியொரு சங்கமே இருந்ததில்லை என்றும், புகையிலைத் தொழிலே அதை உருவாக்கிச் செலவைக் கொடுத்தது என்றும், அச்சங்கத்தின் தலைவராக இருந்தவரே 1994இல் நியூயார்க் நகர மன்றத்துக்குத் தெரிவித்தார். அதற்குள் 30 சதவீதம் என்ற எண் ஊர் ஊராகப் பயணம் போய்விட்டது. பொய்யான எண்ணுக்கு ஆயுள் கெட்டி.

1993இல் தேசியப் புகைப்போர் கூட்டணி தோன்றியது. பெயரைக் கேட்டால், உரிமை பறிக்கப்பட்ட குடிமக்கள் தாமே திரண்ட அமைப்பு என்று தோன்றும். அதன் பின்னால் இருந்தவை ஃபிலிப் மோரிஸின் பணமும் பர்ஸன் மார்ஸ்டெல்லர் என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்தின் திட்டமும். அதே ஆண்டில் தரமான அறிவியலை முன்னேற்றும் கூட்டமைப்பு என்ற பெயரில் இன்னொன்று பிறந்தது. பிறர் புகையால் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 3,000 புகைக்காதவர்கள் நுரையீரல் புற்றுநோயால் இறப்பதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சற்று முன்புதான் மதிப்பிட்டிருந்தது. அந்த முடிவைப் போலி அறிவியல் என்று முத்திரை குத்துவதே இந்தத் தரமான அறிவியலின் தலையாய பணி. 1980களின் பிற்பகுதியில் நிறுவன வழக்கறிஞர்கள் நாடு நாடாக விஞ்ஞானிகளைத் தேடி அமர்த்திய திட்டமொன்றுக்கு உள் ஆவணங்களில் வெள்ளை அங்கித் திட்டம் என்றே பெயர். அங்கியை வாடகைக்கு எடுத்தவர்கள் அதன் நிறத்தையே தலைப்பாக்கிவிட்டார்கள்.

எல்லாவற்றிலும் துணிச்சலானது 1994இல் கலிஃபோர்னிய மக்கள் வாக்கெடுப்புக்கு வந்த 188ஆம் முன்மொழிவு. மாநிலம் தழுவிய புகைக்கட்டுப்பாட்டை விரும்பும் கலிஃபோர்னியர்கள் என்ற பெயரில் அது முன்வைக்கப்பட்டது. கட்டுப்பாடு வேண்டும் என்று கேட்கிறார்களே, நல்லவர்கள்தாம் என்று நினைத்து மக்கள் கையெழுத்திட்டார்கள். உள்ளே இருந்ததோ வேறு: அது நிறைவேறினால் நகரங்களும் மாவட்டங்களும் ஏற்கனவே இயற்றியிருந்த கடுமையான சட்டங்கள் ரத்தாகி, தளர்வான ஒரே சட்டம் மாநிலம் முழுக்க வந்துவிடும். முதன்மை நிதியாளர் ஃபிலிப் மோரிஸ். செய்தி வெளியானதும் சுமார் 70 சதவீத வாக்காளர்கள் அதை நிராகரித்தார்கள். எதிரியின் கொடியைத் தூக்கிக்கொண்டே எதிரியின் கோட்டைக்குள் நுழையும் இந்த உபாயம், சாணக்கியனுக்கும் புதிதாக இருந்திருக்கும்.

இது பழங்கதை என்று ஒதுக்குவாரும் உண்டு. 2010இல் ஆஸ்திரேலியா, சிகரெட் பெட்டிகளின் மீது சின்னமோ அலங்காரமோ இன்றி ஒரே மாதிரியான வெற்று உறையைக் கட்டாயமாக்க முனைந்தபோது, ஆஸ்திரேலியச் சில்லறை வியாபாரிகளின் கூட்டணி என்ற அமைப்பு திடீரென்று தொலைக்காட்சியில் தோன்றி மூலைக்கடைக்காரரின் கண்ணீரைக் காட்டியது. பணம் சிகரெட் நிறுவனங்களுடையது என்பது சில வாரங்களுக்குள் வெளியாயிற்று. சட்டம் 2012இல் நடைமுறைக்கு வந்தது.

நம்மவர்கள்

இதுவரை சொன்னது வியாபாரிகளைப் பற்றி. கலையும் எழுத்தும் இந்தச் சந்தையில் விலைபோகவில்லை என்று நினைத்து ஆறுதல் கொள்ள வழியில்லை.

1929இல் ஈஸ்டர் நாளன்று நியூயார்க்கின் ஐந்தாம் நிழற்சாலையில் இளம்பெண்கள் சிலர் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு ஊர்வலத்தில் நடந்தார்கள். அவை சுதந்திரத்தின் தீப்பந்தங்கள் என்று பத்திரிகைகளுக்குச் சொல்லப்பட்டது. பெண் விடுதலையின் தன்னெழுச்சி போல் தோன்றிய அக்காட்சியை அமைத்தவர், சிக்மண்ட் ஃபிராய்டின் சகோதரி மகனான எட்வர்ட் பெர்னேஸ். கூலி கொடுத்தது அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி. சிகரெட்டும் சுதந்திரமும் ஒரே மூச்சில் உச்சரிக்கப்படுவதற்கு இப்படியொரு முன்கதை இருக்கிறது.

1983இல் நடிகர் சில்வஸ்டர் ஸ்டாலோன், ஐந்து படங்களில் பிரவுன் அண்டு வில்லியம்சன் நிறுவனத்தின் சிகரெட்டுகளைப் புகைக்க 5 லட்சம் டாலருக்கு உடன்பட்ட கடிதம் ஆவணக் காப்பகத்தில் கிடக்கிறது. திரையில் புகையும் ஒவ்வொரு சிகரெட்டும் விலைக்கு வாங்கப்பட்டது என்று நாம் சொல்லவில்லை. கதாபாத்திரத்தின் விரலிடுக்கில் இருப்பது கலைஞனின் தேர்வா, கணக்கரின் பற்றுவரவா என்று பார்வையாளனுக்குத் தெரிய வழியில்லாமல் செய்துவிட்டார்கள் என்பதே குற்றச்சாட்டு. கலைச் சுதந்திரத்தின் மீது இதைவிடப் பெரிய அவதூறு வேறில்லை.

1994இல் நியூயார்க் நகர மன்றம் புகைத்தடைச் சட்டத்தை விவாதித்துக்கொண்டிருந்தது. பல ஆண்டுகளாக நடனக் குழுக்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் வாரி வழங்கிய ஃபிலிப் மோரிஸ், தன்னிடம் நிதி பெற்ற கலை அமைப்புகளைத் தொடர்புகொண்டு, மன்றத்திடம் தனக்காகப் பேசும்படி கேட்டது. தலைமையகத்தை நகரத்தைவிட்டு மாற்றக்கூடும் என்ற குறிப்பும் கூடவே சென்றது. சில அமைப்புகள் இணங்கின. செஞ்சோற்றுக்கடன் நமக்குத் தெரிந்த அறம்தான். கர்ணனுக்காகக் கண்ணீர் விடாதவர் நம்மில் யார்? ஆனால் கர்ணன் எந்தப் பக்கம் நின்றான் என்பதையும் அக்கதை மறைக்கவில்லை.

2002 ஜனவரியில் வெளியான செய்தி எழுத்தாளர்களுக்கு இன்னும் நெருக்கமானது. பிரிட்டானியத் தத்துவவாதி ரோஜர் ஸ்க்ரூட்டன், ஜப்பான் டொபாக்கோ நிறுவனத்திடமிருந்து மாதம் 4,500 பவுண்டு பெற்றுவந்தார். அதை 5,500 ஆக உயர்த்தும்படி கேட்ட கடிதம் பத்திரிகையின் கைக்குச் சிக்கியது. முன்னணி நாளிதழ்களில் இத்தனை மாதத்துக்கொரு கட்டுரையை இடம்பெறச் செய்வதாக அதில் வாக்குறுதியும் இருந்தது. 2000இல் உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கொள்கையைக் கண்டித்து அவர் எழுதிய சிறுநூலின் வாசகருக்கு இந்த உறவு தெரிவிக்கப்படவில்லை. அழகியலைப் பற்றியும் மரபைப் பற்றியும் அவர் எழுதியவற்றை மதிப்பவர்கள் நம்மிடையே உண்டு. அந்த மதிப்புதான் அங்கே விற்பனைக்கு வைக்கப்பட்டது. ஒரு தத்துவவாதி சுதந்திரத்தைப் பற்றி எழுதும்போது, படிப்பவன் அதைச் சிந்தனை என்று எடுத்துக்கொள்கிறான். மாதாந்திரப் பட்டியலில் ஒரு வரவு என்று எடுத்துக்கொள்வதில்லை.

எதிர்நிலையில் ஒருவரையும் சொல்ல வேண்டும். 2000இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம், வணிக நிறுவனங்களின் சமூகப் பொறுப்பை ஆராயும் மையமொன்றுக்காகப் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவிடம் 38 லட்சம் பவுண்டு பெற்றது. அங்கே பேராசிரியராகவும் இருந்த பிரிட்டிஷ் மருத்துவ இதழின் ஆசிரியர் ரிச்சர்ட் ஸ்மித், 2001இல் அப்பதவியைத் துறந்தார். மறுக்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

தேர்வு யாருடையது?

சுதந்திரவாதத்தின் கடைசி அரண், புகைப்பவர் அறிந்தே தேர்ந்தெடுக்கிறார் என்பது. இதிலும் நிறுவனங்களுக்கு இரு நாக்குகள். பொதுமக்களிடம், தீங்கு நிரூபிக்கப்படவில்லை என்றார்கள். நோயுற்றவர் வழக்குத் தொடுத்தால் நீதிமன்றத்தில், தீங்கு ஊருக்கே தெரிந்ததுதானே, தெரிந்தே புகைத்தார் என்றார்கள். 1994 ஏப்ரல் 14 அன்று ஏழு அமெரிக்க நிறுவனங்களின் தலைவர்கள் நாடாளுமன்றக் குழுவின் முன் சத்தியம் செய்து, நிகோடின் அடிமைப்படுத்துவதாகத் தாம் நம்பவில்லை என்றார்கள். விட நினைத்தாலும் விடமுடியாமல் செய்யும் பொருளை விற்பவர், வாங்குபவரின் தேர்வுரிமைக்காக வாதாடுவது விந்தை.

அமெரிக்காவில் அன்றாடம் புகைக்கும் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேர் 18 வயதுக்குள் முதல் சிகரெட்டைத் தொட்டவர்கள். ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் 1984ஆம் ஆண்டு அறிக்கையொன்று, இளையோரே மாற்றுப் புகைப்போரின் ஒரே ஊற்று என்கிறது. யாருக்கு மாற்று? இறந்தும் விட்டும் போனவர்களுக்கு. ஒரு தலைமுறை சுடுகாட்டுக்குப் போகும்போது அடுத்ததை வாயிலில் நிறுத்தும் கணக்கைச் சுதந்திரம் என்று அழைக்க நமக்கு நா எழவில்லை.

2006இல் அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், 1,600 பக்கங்களுக்கு மேற்பட்ட தீர்ப்பில், குற்றக் கும்பல்களை ஒடுக்குவதற்காக இயற்றப்பட்ட சட்டத்தை இந்நிறுவனங்கள் மீறியதாகவும், பல பத்தாண்டுகளாகப் பொதுமக்களை ஏமாற்றியதாகவும் தீர்மானித்தார். உண்மையை விளம்பரமாக வெளியிடும்படி அவர் இட்ட ஆணை, மேல்முறையீடுகளைத் தாண்டி நிறைவேறத் தொடங்கியது 2017 நவம்பரில். மெய்யை ஓர் அறிவிப்பாக அச்சிடப் பதினோராண்டுகள் வழக்காடினார்கள்.

தட்டேந்தி நிற்பவர்

இந்த விவாதத்தில் ஒருவருடைய குரலை மட்டும் யாரும் இரவல் கேட்கவில்லை. உணவகத்திலும் மதுக்கூடத்திலும் பரிமாறுகிறவர் அவர். வாடிக்கையாளர் ஒரு மணி நேரத்தில் எழுந்து போவார். வேண்டாமென்றால் வேறு கடைக்கும் போவார். பரிமாறுகிறவர் எட்டு மணி நேரமும் பத்து மணி நேரமும் அந்தக் காற்றையே மூச்சிழுத்தாக வேண்டும். அவருக்குள்ள தேர்வு, புகையா பட்டினியா என்பதே.

கலிஃபோர்னியாவில் மதுக்கூடங்களுக்கும் 1998இல் தடை வந்தது. அதற்கு முன்னும் பின்னும் சான்பிரான்சிஸ்கோவின் மதுக்கூடப் பணியாளர் 53 பேரைப் பரிசோதித்தார்கள். முதலில் 39 பேருக்கு இருமல், இளைப்பு போன்ற சுவாசத் தொல்லைகள் இருந்தன. தடைக்குப் பின் அவர்களுள் 23 பேருக்கு அத்தொல்லைகள் நீங்கியிருந்தன. மருந்தில்லை, மாத்திரையில்லை, காற்று மாறியது, அவ்வளவே. கனடாவின் ஓட்டாவாவைச் சேர்ந்த ஹெதர் க்ரோ, நாற்பதாண்டுகள் உணவகங்களில் பரிமாறியவர், வாழ்நாளில் புகைத்தறியாதவர். 2002இல் நுரையீரல் புற்றுநோய் என்று அறிந்த பின் எஞ்சிய நாட்களைப் பணியிடத் தடைக்கான பிரசாரத்துக்குக் கொடுத்து, 2006இல் மறைந்தார். 2004 மார்ச் 29 அன்று அயர்லாந்து, மதுக்கூடங்கள் உட்பட எல்லாப் பணியிடங்களிலும் புகையைத் தடுத்த முதல் நாடாயிற்று. அத்தடை தொழிலாளர் பாதுகாப்பின் பெயரால் வந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

உலக அளவில் புகையிலை ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் அதிகமானோரைக் கொல்கிறது. அவர்களில் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் தாம் புகைக்காதவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களுடைய சுதந்திரத்துக்குக் கூட்டணி அமைக்க எந்த மக்கள் தொடர்பு நிறுவனமும் வரவில்லை.

நம் சட்டத்தில் குடியிருக்கும் புகையறை

இந்தியாவில் வழிகாட்டியது கேரளம். 1999 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம் பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்தது. 2001இல் முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் மருத்துவமனைகள், நூலகங்கள், பேருந்துகள் முதலிய இடங்களுக்குத் தடை விதித்தது. 2003இல் மத்தியச் சட்டம் வந்தது. அதன் பொது இடத் தடைக்கான விரிவான விதிகள் 2008 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வரவிருந்தபோது, சிகரெட் நிறுவனமும் ஹோட்டல் துறையினரும் நீதிமன்றப் படியேறினார்கள். உச்சநீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. ஹோட்டல்காரரும் சிகரெட்காரரும் ஏன் ஒரே வரிசையில் நின்றார்கள் என்று வியப்பவர்களுக்கு ஒரு தகவல்: நாட்டின் மிகப்பெரிய சிகரெட் நிறுவனமான ஐ.டி.சி., 1975இல் சென்னையின் சோழா ஹோட்டல் வழியாகவே ஹோட்டல் தொழிலில் கால் வைத்தது. 2025இல்தான் அத்தொழில் தனி நிறுவனமாகப் பிரிந்தது.

தடை வந்துவிட்டது, பிறகென்ன என்று கேட்கலாம். சட்டத்தின் நான்காம் பிரிவை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். முப்பது அல்லது அதற்கு மேற்பட்ட அறைகள் உள்ள ஹோட்டல்களிலும், முப்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ அமரும் உணவகங்களிலும், விமான நிலையங்களிலும் புகைக்கத் தனியிடம் ஒதுக்கலாம் என்று அது விலக்களிக்கிறது. இந்தத் தனியிடம் என்ற எண்ணத்துக்கும் ஒரு மூலபாடம் உண்டு. 1990களில் ஃபிலிப் மோரிஸ், உலக ஹோட்டல் சங்கத்தோடு கைகோத்துத் தேர்வுக்கான மரியாதை என்ற பெயரில் ஒரு திட்டத்தை நாடு நாடாகப் பரப்பியது. புகைப்போரும் புகைக்காதோரும் ஒரே கூரையின்கீழ் இணக்கமாக இருக்கலாம், நல்ல காற்றோட்டம் போதும் என்பது அதன் உபதேசம். காற்றோட்டத்தாலும் தனிப்பகுதியாலும் பயனில்லை, உள்ளரங்கில் புகையை முற்றிலும் நீக்குவதே காப்பு, தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை என்று 2006இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை அறிவித்தது. ஆனாலும் விலக்கு நம் சட்டத்தில் அப்படியே குடியிருக்கிறது. அந்த அறைக்குள்ளும் சாம்பல் கிண்ணத்தை எடுக்க ஒரு பணியாளர் போய்த்தான் ஆக வேண்டும்.

இந்த விலக்கை நீக்கும் திருத்த வரைவு 2021 தொடக்கத்தில் கருத்துக் கேட்புக்கு வந்தது. உடனே சிறுவியாபாரிகள் பெயரிலும் விவசாயிகள் பெயரிலும் எதிர்ப்பறிக்கைகள் வந்தன. வரைவு சட்டமாகவில்லை. அந்த அறிக்கைகளில் சொந்தக் குரல் எது, இரவல் குரல் எது என்று நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பெவர்லி ஹில்ஸின் கதையை அறிந்தவனுக்கு, கேட்கும் கடமை உண்டு என்கிறோம். அக்கடமையை நினைவூட்ட இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. சிகரெட் பெட்டியில் எச்சரிக்கைப் படம் 85 சதவீதப் பரப்பை அடைக்க வேண்டும் என்ற விதியை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவின் தலைவர், 2015இல், புகையிலைக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பிருப்பதாக இந்திய ஆய்வு எதுவும் இல்லை என்றார். அக்குழுவின் உறுப்பினர்களில் ஒருவர் பீடித் தொழிலதிபர். 1954இன் நடை அறுபதாண்டுகளுக்குப் பின் நம் நாடாளுமன்ற வளாகத்தில் எதிரொலித்தது. விதி ஓராண்டு தாமதப்பட்டு 2016 ஏப்ரலில் வந்தது.

இரண்டு ஆட்சேபங்கள்

பீடி சுற்றும் பெண்கள் என்ன ஆவார்கள் என்பது முதலாவது. திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் மடியில் முறத்தோடு அமர்ந்து இலை நறுக்கித் தூள் நிரப்பும் பெண்களை நாம் அறிவோம். நாளெல்லாம் புகையிலைத் தூசியைச் சுவாசித்து, இலைக்கட்டில் கழிவு என்று கூலியும் பிடிக்கப்படும் அவர்களுடைய வறுமை, கட்டுப்பாட்டால் வந்ததன்று. பீடித் தொழிலே கொடுத்தது. அவர்களுக்கு மாற்றுத் தொழில் கேட்டுப் போராடுகிறவர்களோடு நாமும் நிற்போம். அவர்களைக் கேடயமாகத் தூக்கிப் பிடிப்பவர்கள், அவர்களுடைய கூலி உயர்வுக்காக இதே ஆவேசத்தோடு நாடாளுமன்றத்தை அணுகியதை நாம் கண்டதில்லை.

இரண்டாவது, அரசின் இரட்டை வேடம். உண்மைதான். ஒரு கையால் எச்சரிக்கைப் படம் அச்சிடச் சொல்லும் அரசின் மறுகையில் வரி வருவாய் இருக்கிறது. அரசுக் காப்பீட்டு நிறுவனமான எல்.ஐ.சி.யிடம் சிகரெட் நிறுவனப் பங்குகள் பெருமளவில் இருக்கின்றன. பெட்டிக்கடையோரம் பீடி பிடிக்கும் கூலிக்காரனிடம் 200 ரூபாய் அபராதம் வாங்கும் சட்டம், நட்சத்திர ஹோட்டலின் குளிர்ந்த புகையறைக்குச் சலாம் போடுகிறது. ஆனால் இதிலிருந்து பெறப்படும் முடிவு, சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்பதன்று. ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒன்றாக அதை இறுக்க வேண்டும், அரசு அந்தப் பங்குகளை விற்று வெளியேற வேண்டும் என்பதே.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. நான்காம் பிரிவின் விலக்கு நீக்கப்பட வேண்டும். உள்ளரங்கில் புகைக்கத் தனியிடம் என்பது எந்த வகுப்பாருக்கும் கூடாது. புகையிலைக் கொள்கை பற்றிப் பேசவரும் ஒவ்வொரு சங்கமும், ஒவ்வோர் ஆய்வு மையமும், ஒவ்வொரு கட்டுரையாளரும் தம் வரவின் ஊற்றை முதல் வரியிலேயே அறிவிக்க வேண்டும். இந்தியா 2004இல் ஏற்ற புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 5.3ஆம் பிரிவு, கொள்கை வகுப்பில் இத்தொழிலின் தலையீட்டைத் தடுக்கும் கடமையை அரசுகளுக்கு விதித்திருக்கிறது. அதைச் சுகாதார அமைச்சகத்தோடு நிறுத்தாமல் எல்லா அமைச்சகங்களும் கைக்கொள்ள வேண்டும். எழுத்தாளர்களுக்கும் இலக்கிய விழா நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோளையும் சேர்த்துக்கொள்கிறோம்: புகையிலைப் பணத்தில் போடப்பட்ட மேடையில் ஏறாதீர்கள்.

புகைக்கும் நண்பர்களோடு நமக்குப் பகையில்லை. அவர்கள் இத்தொழிலின் முதல் பலிகள். திறந்தவெளியில் அவர்கள் பற்றவைக்கும் சிகரெட்டைத் தட்டிப்பறிக்க நாம் வரவில்லை. சுதந்திரம் என்ற சொல்லை மட்டும் திருப்பிக் கேட்கிறோம். சிறை சென்றவர்களும் செக்கிழுத்தவர்களும் அதற்குக் கொடுத்த விலை நமக்குத் தெரியும். ஐந்தாம் நிழற்சாலையில் அதற்கு வேறொருவர் கொடுத்த கூலியும் இப்போது தெரியும்.